முப்பது டிகிரி ஊரில் லெப்பர்ட் கெக்கோவுக்கு ஒரு பெட்டி

லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லியை வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த ஹீட் மேட், அதாவது பெட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டு விரிப்பு, நல்லது என்றுதான். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டு முதலில் பார்க்கவேண்டியது அதுவல்ல. மதியம் மூன்று மணிக்கு உங்கள் வரவேற்பறையில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்? இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே அறை 20 டிகிரி, சூட்டை உள்ளே பிடித்து வைப்பதுதான் பாடு. அதனால் மூன்று பக்கமும் அடைத்த மரப்பெட்டி, பெரிய விளக்கு, சின்னக் காற்றுத்துளை என்று சொல்வார்கள். இங்கே அதே பெட்டியைக் கட்டினால் இட்லிச் சட்டிதான். நம் ஊரில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். விடியற்காலை 24, 25. காற்றின் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஆகவே இங்கே வேலை தலைகீழ். குளிர்ந்த மூலை ஒன்றை உண்டாக்கி, ஈரத்தை வெளியே தள்ளி, அதற்கப்புறம்தான் சூடு.

லெப்பர்ட் கெக்கோவின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு. பாறையும் காய்ந்த புல்லுமான பூமி. பகலில் பாறை இடுக்கில் கிடந்து, அந்தி சாயும்போது வெளியே வரும். மேலே வறட்சி, இடுக்குக்குள்ளே லேசான ஈரம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அதன் உலகம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி மாதிரி விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, நகம் மட்டும்தான், கண்ணாடியில் ஏறாது. கண்ணில் இமை உண்டு, சிமிட்டும். தலையில் விழுந்து பலன் சொல்லும் வாய்ப்பே இல்லை என்று வீட்டுப் பெரியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. “இருக்கிற பல்லியை விரட்டவே விளக்குமாறு தேடுறோம், இதுக்குக் காசு குடுத்து வீடு வேறயா?” என்று எப்படியும் கேட்பார்கள். கேட்கட்டும். பதினைந்து, இருபது வருடம் வாழும் பிராணி. அவர்கள் சம்மதம் தேவைதான்.

வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊரின் பருவநிலையையும் கணக்கில் எடுங்கள். கிரெஸ்டட் கெக்கோ அழகு, ஆனால் நியூ கலிடோனியா என்னும் பசிபிக் தீவிலிருந்து வந்தது. 28 டிகிரிக்கு மேல் தாங்காமல் தவிக்கும். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறை இல்லாதவர்கள் அதைத் தொடவேண்டாம். ஆப்பிரிக்காவின் கொழுத்தவால் கெக்கோவுக்கு நம் ஈரம் ஓரளவு ஒத்துப்போகும். கீழே சொல்லும் பெட்டியே அதற்கும் பொருந்தும், தரையில் மட்டும் கூடுதல் ஈரம் வேண்டும். டோக்கே என்னும் பெரிய காட்டுப்பல்லியைப் பிடித்து வந்து வைப்பது வேறு கதை. அது மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2019 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் உண்டு. எந்த வகையானாலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டுமா என்று பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். விற்பவர் கொடுக்கும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் பிராணி விதியையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இடம் பார்ப்பதில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஜன்னலோரம் வெளிச்சமாக இருக்கிறதே என்று வைப்பது ஒன்று. உடல் டி3 வைட்டமின் உண்டாக்க உதவும் யூவிபி கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். ஜன்னல் கண்ணாடி ஒன்று, தொட்டிக் கண்ணாடி ஒன்று என்று இரண்டைத் தாண்டி வரும் வெயிலால் அரைமணி நேரத்தில் பெட்டி அடுப்பாகிவிடும். மேற்கே பார்த்த சுவரும் வேண்டாம். அந்தச் சுவர் மாலை ஆறு மணிக்கும் கொதிக்கும், உள்ளங்கையை வைத்தாலே தெரியும். ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. சமையலறையில் தாளிப்புப் புகை, சாமி அறையில் சாம்பிராணி. பல்லியின் நுரையீரல் சிறியது, எளிமையானது. இருமிப் புகையை வெளியேற்ற அதனால் முடியாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டில் பெட்டி வேறு அறையில், கதவு சாத்தி இருக்கவேண்டும். அந்த நேரம் சரியாக அது வெளியே வந்து உலவும் நேரம் என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி பெட்டி. முழுவளர்ச்சி அடைந்த லெப்பர்ட் கெக்கோ மூக்கிலிருந்து வால்நுனி வரை 18 முதல் 25 சென்டிமீட்டர். ஒன்றுக்கு 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்பது நம் கணக்கு. மீன்கடையில் மூன்றடித் தொட்டி என்று கேட்டால் ஏறக்குறைய இந்த அளவு கிடைக்கும். இரண்டடித் தொட்டி போதாதா என்பார்கள். குளிர்நாட்டில் ஒருவேளை சமாளிக்கலாம், இங்கே போதாது. ஒரு முனை 33 டிகிரியிலும் மறுமுனை அதைவிடக் குளிர்ந்தும் ஒரே பெட்டிக்குள் நிற்கவேண்டுமென்றால் நடுவில் தூரம் வேண்டும். இரண்டடிக்குள் சூடு முழுவதும் பரவிவிடும், ஒதுங்க இடமிருக்காது. ஒரு பெட்டியில் ஒன்றுதான். இரண்டு ஆண்கள் சேர்ந்தால் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பெண் முட்டையிட்டே நலிந்துபோகும்.

மீன்தொட்டியை அப்படியே பயன்படுத்தினால் இரண்டு குறை. கையை எப்போதும் மேலிருந்து விடவேண்டும். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். அடுத்தது, நான்கு பக்கமும் அடைந்திருப்பதால் ஈரக்காற்று அடியிலேயே தேங்கும். இதைச் சரிசெய்யக் கண்ணாடிக்கடைக்காரரிடம் கொடுத்து முன்பக்கக் கண்ணாடியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அடியில் 10 செ.மீ. உயரக் கண்ணாடிப் பட்டை, அதன்மேல் 5 செ.மீ. உயரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை, அதற்குமேல் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு 5 மில்லிமீட்டர் கண்ணாடிக் கதவு. மேல்மூடியில் பின்பக்கமாக 15 செ.மீ. அகலத்துக்கு நீளவாக்கில் இன்னொரு வலைப்பட்டை. கீழே முன்பக்கம் நுழையும் காற்று சூடாகி மேலே பின்பக்கம் வெளியேறும். மின்விசிறி எதுவும் இல்லாமலே ஓடும் புகைபோக்கி இது.

வலை விஷயத்தில் மலிவு பார்க்காதீர்கள். ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர் கொசுவலையை, தீனியாகப் போடும் கிரிக்கெட் பூச்சி ஓரிரு இரவில் கடித்து ஓட்டை போடும். விளக்கு பக்கத்தில் இருந்தால் உருகவும் செய்யும். எஃகு அல்லது அலுமினிய வலை, கண் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல்.

புதிதாகச் செய்வதென்றால் பலகை எது என்பதில்தான் பணம் வீணாகும். அலமாரி செய்யும் துகள்பலகையும் எம்டிஎஃப்பும் நம் ஈரத்தில் ஓரம் ஊதி வெடிக்கும். நல்ல பிளைவுட்டுக்கும் பூஞ்சையும் கரையானும் வரும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் 10 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் பலகை கிடைக்கும். அவர்களே அளவுக்கு வெட்டித் தருவார்கள். எடை குறைவு, தண்ணீர் ஊறாது, துடைத்தால் சுத்தம். ஆனால் மென்மையானது, அதிகச் சூட்டில் வளையும். விளக்குக் கூண்டை அதில் நேராகத் திருகாமல் இடையில் ஒரு அலுமினியத் தகடு வையுங்கள். ஒட்டுவதற்கு மீன்தொட்டி சிலிக்கோன் போதும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத்தடுப்பு சிலிக்கோன் வேண்டாம். அதில் மருந்து கலந்திருக்கும். ஒட்டியபின் புளித்த காடி வாடை முழுவதும் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், திறந்தே கிடக்கட்டும்.

ஈரத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரம் உள்ள காற்றை அப்படியே 33 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரம் 60 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இறங்கும். தண்ணீர் எங்கும் போகவில்லை. சூடான காற்றால் அதிகம் தாங்கமுடியும், அவ்வளவுதான். எனவே சூடான முனை தானாகவே ஓரளவு காய்ந்துவிடும், காற்றோட்டம் இருந்தால். சிக்கல் குளிர்ந்த முனையில். அங்கே பெரிய தண்ணீர்க் கிண்ணம், நார்த்தூள் தரை, அடைத்த மூடி மூன்றும் சேர்ந்தால் 90 விழுக்காட்டைத் தொடும். வயிற்றுத்தோலில் பழுப்புப் புள்ளி விழுவதும், மூக்கில் குமிழி வருவதும், வாயைத் திறந்து மூச்சுவிடுவதும் அதற்குப் பின்னால் வரும். ஏர்கான் இல்லாத அறையில் 60, 65க்குள் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். 40 விழுக்காடு என்று புத்தகம் சொல்வதைத் துரத்தவேண்டாம். 65ஐத் தாண்டினால் மேல்வலையின் மேல் கணினிக்குள் இருக்கும் 8 செ.மீ. விசிறி ஒன்றை வெளியே இழுக்கும்படி திருப்பி வையுங்கள். 12 வோல்ட் விசிறியை 5 வோல்ட் கைப்பேசி சார்ஜரில் ஓட்டினால் சத்தமே வராது. காற்றும் மெதுவாகத்தான் நகரும். சில விசிறிகள் 5 வோல்ட்டில் கிளம்ப அடம்பிடிக்கும், வாங்கும்போதே ஓட்டிப் பாருங்கள்.

அளக்கும் கருவி பொய் சொன்னால் எல்லாம் வீண். ஒட்டும் வட்டமுள் மீட்டர்களை நம்பவேண்டாம், புரோப் என்னும் அளக்கும் முனை வயரோடு வரும் டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள். சரிதானா என்று பார்ப்பது எளிது. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். பைக்குள் 75 விழுக்காடு இருக்கவேண்டும். மீட்டர் 81 காட்டினால் உங்கள் மீட்டர் 6 கூட்டிச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது சூடு. ஏர்கான் இல்லாத வரவேற்பறை மாலைவரை 30, 31 டிகிரியில் நிற்கும். சூடான முனையில் 32, 33 வேண்டுமென்றால் கூட்டவேண்டியது இரண்டே டிகிரி. அதற்கு 10 முதல் 20 வாட் ஹீட் மேட் தாராளம். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, சூடு ஏறியதும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகவே கூடாது. “சின்ன மேட்தானே, என்ன ஆகும்” என்று நேராகச் செருகினால் நம் அறைச் சூட்டோடு சேர்ந்து 45 டிகிரியைத் தாண்டும். அதன்மேல் நகராமல் படுத்தே கிடந்தால் பல்லியின் வயிறு வெந்துபோகலாம்.

மேட்டைக் கண்ணாடியின் அடியில் ஒட்டினால் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நான்கு மூலைக்கும் ரப்பர்க் கட்டை போதும். இடைவெளி இல்லாவிட்டால் சூடு அடைபட்டுக் கண்ணாடி விரிசல் விடும். மேலே ஐந்து செ.மீ. மண் போட்டு மூடினாலும் இதே கதைதான். சூடு மேலே வராது, அடியில் மட்டும் ஏறும். மேட் இருக்கும் இடத்தில் தரைஓடு ஒன்றை வைத்து அதன்மேல் பதுங்குமிடத்தை வைப்பது நல்ல வழி.

தெர்மோஸ்டாட் புரோப் எங்கே இருக்கிறது என்பதில்தான் பல பெட்டிகள் கெட்டுப்போகின்றன. கூடவே வரும் உறிஞ்சுக்குமிழி நம் ஈரத்தில் பத்து நாளில் கழன்றுவிடும். புரோப் குளிர்ந்த பக்கம் போய் விழும். கருவியோ ‘இன்னும் 28தான் இருக்கிறது’ என்று நினைத்து மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அடியில் ஓடு சுடும். ஆகவே புரோப்பை ஓட்டின்மேல், பதுங்குமிடத்தின் உள்சுவரை ஒட்டி, வயர் கிளிப்பும் சூட்டுப்பசையும் கொண்டு நிறுத்துங்கள். பெட்டிக்குள் செலோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு ஓரம் கழன்றால் போதும், பல்லி அதில் சிக்கித் தோலோடு பிய்யும். சிக்கினால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் பொறுத்து உருட்டி எடுக்கவேண்டும். வாரம் ஒருமுறை துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஓட்டின் சூட்டைத் தனியாக அளந்து, திரையோடு ஒப்பிடுங்கள்.

பூடு ஜாலான் பாசார் மின்பொருள் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும் எஸ்டிசி-1000 வகைக் கட்டுப்பாட்டுக் கருவி ஹீட் மேட்டுக்குச் சரியாகவே வேலை செய்யும். 12, 110, 220 வோல்ட் என்று பல வகையாக வரும். 220 என்று முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கவேண்டும். பின்னால் வெறும் திருகுமுனைகள்தான் இருக்கும். மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மூடிய பெட்டியில் பொருத்தச் சொல்லுங்கள். எத்தனை டிகிரி இறங்கினால் மேட் மறுபடி ஓடவேண்டும் என்னும் வித்தியாச எண்ணை 0.5 என்று வையுங்கள். இந்த வகை திறந்து மூடும் சுவிட்ச் என்பதால் ஹாலஜன் விளக்குக்கு ஆகாது. விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்து சீக்கிரம் போய்விடும். விளக்குக்கு மங்கச் செய்யும் தெர்மோஸ்டாட் தனி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மேட்டில் 110 வோல்ட் என்று இருந்தால் இங்கே செருகிய சில நிமிடத்தில் கருகும். இரண்டு முனைப் பிளக்கை நம் மூன்று துளை சுவிட்சில் பேனா மூடியை விட்டுத் திறந்து செருகும் பழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் சாமானுக்கு அது வேண்டாம். சிரிம் தரமுத்திரை உள்ள மூன்று முனைப் பிளக், அதற்குள் 13 ஆம்பியருக்குப் பதில் 3 ஆம்பியர் ஃபியூஸ். இடிமழைக் காலத்தில் வீட்டு மெயின் ‘டப்’ என்று விழுவது நமக்குப் பழக்கம். சூடு சில மணி நேரம் நின்றால் நம் ஊரில் பல்லிக்கு ஒன்றும் ஆகாது. மின்சாரம் திரும்பியதும் முள் டைமர் அத்தனை மணி நேரம் பின்தங்கியிருக்கும்; நள்ளிரவில் விளக்கு எரிவதற்கு அதுதான் காரணம்.

ஏர்கான் ஓடும் படுக்கையறையில் கணக்கு மாறும். இரவு 24 டிகிரி, ஈரம் 50, 60 விழுக்காடு. பகலில் ஏர்கான் நின்று கதவும் மூடியிருந்தால் 31. இந்த ஏற்ற இறக்கம் பல்லிக்கு ஒத்துக்கொள்ளும், அதன் சொந்த ஊரிலும் இரவு குளிர்தான். மேட்டை மட்டும் இரவிலும் தெர்மோஸ்டாட்டில் விட்டுவையுங்கள். அந்தியில் தின்றது செரிக்க வயிற்றுக்குச் சூடு வேண்டும். சிவப்பு, நீல இரவு விளக்குகள் எதற்கும் உதவாது. மின்வெட்டோ வெயிலோ வந்து குளிர்ந்த முனையே 32ஐத் தாண்டினால், தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றி அந்த முனைக் கண்ணாடியை ஒட்டி வெளியே நிறுத்துங்கள். உள்ளே வைத்தால் வியர்த்து ஈரம் கூடும். மொத்தப் பெட்டியும் 35ஐத் தொட விடக்கூடாது.

யூவிபி இல்லாமலும் வளர்க்கிறார்கள், டி3 வைட்டமின் பொடியை நம்பி. குறைந்த அளவில் கொடுப்பதே நல்லது என்பது நம் கட்சி. 5 முதல் 7 விழுக்காடு யூவிபி என்று போட்டிருக்கும் டி5 குழல்விளக்கு, பெட்டியின் பாதி நீளத்துக்கு, சூடான முனைக்கு மேலே. மேல்வலை கதிரில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைத்துவிடும். பன்னிரண்டு மாதத்தில் குழலை மாற்றவேண்டும்; வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் தேய்ந்துவிடும். வெளிறிய அல்பினோ வகைக்குக் கண் கூசும். அதற்கு நிழல் கூடுதலாக வையுங்கள்.

பதுங்குமிடம் மூன்று. சூடான பக்கம் காய்ந்தது ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, தோல் உரிக்க ஈரமானது ஒன்று. கடைப் பிளாஸ்டிக் குகைகளைவிட நம் வீட்டு மண்சட்டி பல மடங்கு மேல். பொங்கல் முடிந்தபின் ஓரத்தில் கிடக்கும், மெருகு பூசாத சின்னப் பானை ஒன்றை எடுங்கள். வாய் ஐந்தாறு செ.மீ. இருந்தால் போதும், உடம்பு உரசிக்கொண்டு நுழையும் அளவுதான் அதற்குத் திருப்தி. பெரிய வாய் என்றால் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதியை ஓட்டுத்துண்டால் மறையுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கவேண்டும். உள்ளே ஸ்பாக்னம் பாசி அல்லது மடித்த டிஷ்யூ, நனைத்துச் சொட்டாமல் பிழிந்தது. பானையின் வெளிப்புறத்தில் இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றினால் மண் உறிஞ்சி இரண்டு நாளுக்கு உள்ளே ஈரத்தை விடும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால் இந்தப் பானையும் குளிரும். அதனால் மேட் இருக்கும் பக்கத்து ஓரத்தில்தான் வைக்கவேண்டும், குளிர்ந்த முனையில் வைத்தால் உள்ளே போகாது. நம் ஊரில் ஈரப்பாசியில் நான்கைந்து நாளிலேயே பூஞ்சை வாடை வரும். வாரம் தவறாமல் மாற்றுங்கள்.

காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது ஈரப்பானை எதற்கு என்று கேட்கலாம். தோல் உரியப்போகும் நாளில் உடல் முழுவதும் பால் படிந்தமாதிரி வெளுக்கும். வாயால் தலைப்பக்கம் கிழித்து, கையுறை கழற்றுவதுபோல ஒவ்வொரு காலாக இழுத்து, இழுத்ததைத் தின்றுவிடும். மற்ற இடமெல்லாம் எளிதில் வந்துவிடும். விரல் நுனிதான் பிரச்சினை. மறுநாள் காலை ஒவ்வொரு விரலையும் பாருங்கள். நகத்துக்குக் கீழே நூல் சுற்றியமாதிரி வெள்ளை வளையம் தெரிந்தால் தோல் மிச்சம் இருக்கிறது. இரண்டு மூன்று உரிப்புக்கு அது அப்படியே இறுகினால் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்து விழுந்துவிடும். ஒரு செ.மீ. ஆழ வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் நிற்கவைத்து, நனைத்த பஞ்சுக்குச்சியால் நுனி நோக்கி உருட்டினால் வந்துவிடும். காய்ந்த தோலை நகத்தால் பிய்த்தால் நகமும் சேர்ந்து வரும்.

தரைக்கு, புதிதாக வந்த குட்டிக்கு டிஷ்யூ தாள். கழிவு எப்படி இருக்கிறது என்று பார்க்கமுடியும். பெரியதற்குச் சொரசொரப்பான தரைஓடு, அல்லது மண். வெறும் மணலும் கடையில் விற்கும் கால்சியம் மணலும் வேண்டாம். பூச்சியோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைக்கும். நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணில் பெரும்பாலும் உரமோ கோழி எருவோ கலந்திருக்கும், அதுவும் ஆகாது. உரம் படாத ஆழத்துச் செம்மண் ஏழு பங்கு, நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. நனைத்துப் பிசைந்து, நான்கைந்து செ.மீ. கனத்துக்கு மேட் இல்லாத பகுதியில் அழுத்திப் பரப்பி, ஒரு வாரம் காயவிடுங்கள். திண்ணைமாதிரி இறுகும், நகமும் தேயும். கடல்மணலில் உப்பு. தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் கொழுத்தவாலுக்கு மட்டும். சந்தனம், பைன் மாதிரி வாசனை மரத்தூள் எதற்கும் வேண்டாம்.

குளிர்ந்த முனையில் தாழ்ந்த தண்ணீர்க் கிண்ணம். இன்னொரு மூலையில் பாட்டில் மூடியில் டி3 கலக்காத கால்சியம் கார்பனேட் பொடி. நம் ஈரத்தில் ஒரே வாரத்தில் கட்டியாகும், மாற்றிக்கொண்டே இருங்கள். சுண்ணாம்புச் சத்துதானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவச் சொல்லும் பாட்டிமார் உண்டு. அது வாயைப் பொத்துப்போகச் செய்யும் காரம். அன்பாக மறுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் அதிகம் பேசாத எதிரி எறும்பு. தலை கறுத்து உடல் வெளிறிய, கண்ணுக்கே தெரியாத சின்ன எறும்பு நம் ஃபிளாட்களில் எந்த மாடியிலும் உண்டு. செத்த கிரிக்கெட் பூச்சி ஒன்று பாறைக்குப் பின்னால் கிடந்தால் போதும், காலையில் வரிசை. மேசைக்கால் நான்கையும் கிண்ணத்தில் நிறுத்துகிறார்கள், ஆனால் மின்வயரை மறந்துவிடுகிறார்கள். சுவரிலிருந்து தொட்டிக்குப் போகும் வயர்தான் அவற்றின் நெடுஞ்சாலை. வயரில் ஒரு சாண் நீளத்துக்கு வாசலின் தடவுங்கள். கிண்ணத்தில் வெறும் தண்ணீர் விட்டால் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகும். டிங்கி அதிகாரிகள் வந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உங்களுக்குத்தான். சமையல் எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ விடுங்கள். எறும்பு மருந்து அடிப்பது மட்டும் கூடாது. கொசுவர்த்தி, செருகும் கொசுமருந்து, நாப்தலின் உருண்டை எதுவும் அந்த அறையில் ஆகாது.

டிங்கிப் புகை அடிக்க வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து வெளியே நிற்கச் சொல்வார்கள். பல்லியைத் துளையிட்ட சோற்று டப்பாவில் டிஷ்யூ போட்டு உங்களோடு எடுத்துப் போய்விடுங்கள், காரில் வெயிலில் விட்டுப்போகாமல். திரும்பியதும் அறையைக் காற்றாட விட்டு, கண்ணாடியைத் துடைத்து, தண்ணீரைக் கொட்டிப் புதிதாக வையுங்கள். டப்பாவில் இருந்த கிரிக்கெட் பூச்சிகளுக்குப் புகை பட்டிருந்தால், உயிரோடு இருந்தாலும் தூக்கி எறியவேண்டும். மருந்து பட்ட பூச்சியைத் தின்னக் கொடுக்கக்கூடாது. வீட்டுச் சுவர்ப் பல்லியும் தோட்டத்துப் பூச்சியும் தீனி ஆகக்கூடாது என்பதற்கும் மருந்தும் ஒட்டுண்ணியும்தான் காரணம்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு வாரம் பெட்டி வெறுமனே ஓடட்டும். காலை ஏழு, மதியம் மூன்று, இரவு பத்து, மூன்று வேளையும் இரண்டு முனையின் சூட்டையும் ஈரத்தையும் எழுதுங்கள். வெயில் நாள் ஒன்றும் நல்ல மழைநாள் ஒன்றும் அந்த வாரத்தில் வரவேண்டும். வராவிட்டால் இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள். சூடான பதுங்குமிடத்துத் தரை 31 முதல் 33, குளிர்ந்த முனை 29ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது, மதியத்தில் அறைச் சூட்டோடு சேர்ந்து 30, 31 ஆனால் பரவாயில்லை. பிராணி வந்தபின் சூட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்று அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு மருத்துவரைத் தேடுகிறார்கள். எல்லா கிளினிக்கும் ஊர்வன பார்க்காது, முன்கூட்டியே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒன்று வளர்க்கிறீர்கள் என்றால் புதியதை வேறு அறையில், வேறு கிண்ணம், வேறு இடுக்கியோடு இரண்டு மூன்று மாதம் தனியே வையுங்கள். கிரிப்டோ என்னும் குடல் ஒட்டுண்ணி வந்தால் வால் குச்சியாக வற்றும், மருந்து சரியாகக் கிடையாது; குளோராக்ஸ் வெளுப்பு நீருக்கும் அது சாகாது. வழக்கமான சுத்தத்துக்குக் குளோர்ஹெக்ஸிடின் கரைசல் அல்லது வெந்நீர். பினாயில் வேண்டாம். பெட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், தொட்டபின் கையைச் சோப்பால் கழுவுங்கள். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றோடு வருவது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பார்க்கட்டும், தொடவேண்டாம்.

வந்த முதல் வாரம் கையில் எடுக்காதீர்கள். தின்னாவிட்டாலும் பதறவேண்டாம். போட்ட கிரிக்கெட் பூச்சியில் மிச்சம் இருந்தால் இரவே எடுத்துவிடுங்கள், தூங்கும் பல்லியின் கண்ணோரத்தை அவை கடிக்கும். இரண்டாவது வாரத்தில் அது ஒரு மூலையைக் கழிப்பிடமாகத் தேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் அதே மூலைதான் கடைசிவரை. அங்கே உள்ளங்கை அளவு ஓடு ஒன்றை வைத்தால் அதை மட்டும் எடுத்துக் கழுவினால் போதும். கழிவோடு வரும் வெள்ளைத் துண்டு மாவுபோல் மிருதுவாக இருக்கவேண்டும். மஞ்சளாகிக் கல்லாக இறுகியிருந்தால் தண்ணீர் பற்றவில்லை. பானையின் பாசியை அன்றைக்கே நனையுங்கள், கிண்ணத்தையும் பாருங்கள்.